காய்ந்த தடி என்று எறிய வேண்டாம்: வெள்ளவத்தை பல்கனியில் ஓர்க்கிட் குட்டிகள்

டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டில் இலையெல்லாம் உதிர்ந்து, தோல் சுருங்கி, மஞ்சள் பாரித்து நிற்கும் பழைய தண்டை எங்கள் ஆட்கள் "காய்ந்த தடி" என்பார்கள். கையில் கத்தரிக்கோல் வந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். செடி சுகமாக இருக்கும்போதே அதை வெட்டாமல் விடுவது நல்லது. வேர் அழுகிய செடியில் வெட்டினால், பஞ்ச காலத்தில், நெல்லுச் சேர்த்து வைத்த கோர்க்காலியைக் கொளுத்திய கதைதான். அந்தத் தண்டுக்குள் தண்ணீரும் மாப்பொருளும் சேமிப்பில் இருக்கின்றன. வேர் வேலை செய்யாத காலத்தில் செடியும் அதன் கணுக்களில் முளைக்கும் குட்டிச் செடிகளும் அதைத் தின்றுதான் பிழைக்கின்றன.

இப்போது கொழும்பில் என் பல்கனியில் நிற்கும் குட்டிகள் எல்லாம் அப்படி வந்தவை. தாய்ச்செடி மேல்மாடி அன்ரியுடையது. கனடாவில் மகனோடு போய் இருக்கப் புறப்பட்டபோது, ரம்பையும் கறிவேப்பிலையும் நிற்கும் சாடிகளோடு இதையும் தந்துவிட்டுப் போனார். ஊதா இதழும் நடுவில் வெள்ளையுமாகப் பூக்கும் சோனியா வகை. பூக்கடைகளில் வெட்டுப் பூவாக வருவதும் பெரும்பாலும் இதுதான். நிலைமையைப் படம் எடுத்து அனுப்பினேன். "பட்டுப் போச்செண்டா எறிஞ்சு போடு பிள்ளை, பாவம் பார்க்காதை" என்று குரல்பதிவு வந்தது. அன்ரி எப்போதும் அப்படித்தான், செடிக்கும் ஆளுக்கும் ஒரே நியாயம்.

படத்தில் தெரிந்தது இதுதான்: பிளாஸ்டிக் சாடி, அதற்குள் சேறாகிப்போன தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்), அடியில் தட்டு, தட்டில் தண்ணீர். நிமிர்ந்து நின்ற தண்டுகளில் பாதியில் இலை இல்லை. ஆனால் இரண்டு பழைய தண்டுகளின் உச்சிக் கணுக்களில் சின்னச் சின்ன இலைக்கொத்துகள், அவற்றின் அடியில் வெள்ளை வேர்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. பார்க்க வருகிறவர்கள் "ஆ, செடி நல்லா குட்டி போடுது" என்று சந்தோஷப்படுவார்கள். தண்டின் உச்சியில் குட்டி வருவது அநேகமாக அடியில் ஏதோ சரியில்லை என்பதன் அடையாளம். கணுவில் இருக்கும் மொட்டு பூந்தண்டாகவும் போகலாம், செடியாகவும் போகலாம். அடிவேர் கெட்டால் அது செடியாகிவிடப் பார்க்கிறது. எப்போதும் அப்படி என்று இல்லை. உரம் கூடிப்போனாலும் வரும். ஆனால் சாடியை ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பதற்கு அந்தக் குட்டிகளே போதுமான காரணம்.

கவிழ்த்தேன். ஓர்க்கிட் வேரைப் பார்க்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காட்டில் இந்தச் செடிகள் மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு வளர்பவை. மண் அவற்றுக்குப் பழக்கமில்லை. வேரின் வெளிப்புறத்தில் வெள்ளையாகத் தெரிவது செத்த கலங்களால் ஆன ஓர் உறை. மழை பட்டதும் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பிறகு காற்றில் காய்ந்துவிடும். நனைந்தால் உள்ளே இருக்கும் பச்சை தெரியும், காய்ந்தால் மறுபடியும் வெள்ளி நிறம். ஈரமும் காற்றும் மாறி மாறிக் கிடைத்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். பழைய தும்புச்சோறு உக்கி இறுகினால் தண்ணீர் நிற்கும், காற்று போகாது. ஒட்சிசன் இல்லாமல் வேர் மூச்சடைத்துச் செத்த பிறகுதான் பெரும்பாலும் பங்கசும் பற்றீரியாவும் உள்ளே வருகின்றன.

இரண்டு விரலால் வேரை நசுக்கிப் பாருங்கள். நல்ல வேர் இறுக்கமாக இருக்கும். கெட்ட வேர் வெற்றுக் குழல் மாதிரி அமுங்கும். மெல்ல இழுத்தால் வெளியுறை வழுகிக் கழன்று கையோடு வரும், நடுவில் இருந்த நூல் மட்டும் செடியில் மிஞ்சும். இந்தச் செடியில் அடிவேர் எதை இழுத்தாலும் நூல்தான். அந்த நூல்களை எல்லாம் நறுக்கித் தள்ள வேண்டியதில்லை. அவை தண்ணீர் குடிக்காது, ஆனால் புதுச் சாடியில் செடி ஆடாமல் நிற்கப் பிடிமானம் தரும். சிலவற்றை விட்டுவைத்தேன்.

அடுத்தது மணம். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். நாறினால், தண்டு குழைந்து தண்ணீர் கசிந்தால், பற்றீரியா. நாற்றம் இல்லாமல் கறுத்துக்கொண்டு மேலே ஏறினால் பங்கசு மாதிரியான கறுப்பழுகல். கொழும்பு மழைக்காலத்தில் அது மிக வேகமாகப் பரவும். மூன்றாவது ஒன்று உண்டு, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். தண்டுகளை அடியில் இணைக்கும் கிழங்கு போன்ற பகுதியைக் குறுக்கே வெட்டினால், முகத்தில் ஊதா அல்லது இளஞ்சிவப்பு வளையம் ஓடும். அது பியூசேரியம் என்ற பங்கசு. வளையம் தெரியாத இடம் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசி வரை வளையம் வந்தால் அந்தப் பகுதியை நம்ப முடியாது. எனக்கு வந்தது வெறும் பழுப்பு அழுகல், வாடையும் பெரிதாக இல்லை. வெட்டுமுகம் இளம்பச்சை கலந்த வெள்ளையாக, ஈரமாக, இறுக்கமாக ஆகும் இடத்தில் நிறுத்தினேன்.

வெட்டும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர்க்கிட்களில் சிம்பிடியம் மொசைக் என்ற வைரசு உலகம் முழுக்க உண்டு, அது ஒரு செடியிலிருந்து மற்றதற்குப் போவது பெரும்பாலும் நம் கத்தரிக்கோலில் ஏறித்தான். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வைரசுக்கு அதை நம்ப முடியாது. கத்தி என்றால் காஸ் அடுப்புச் சுவாலையில் வாட்டி எடுங்கள். இல்லாவிட்டால் செடிக்கு ஒரு புது பிளேட் எடுத்து, வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். எனக்குப் பிளேட்தான் வசதி. இன்னொன்று: குட்டி என்பது தாயின் அச்சுப் பிரதி. தாய்க்கு வைரசு இருந்தால் குட்டிக்கும் இருக்கும். இலையில் கறுப்பு வளையங்களும் வெளிறிய கோடுகளுமாகத் தாய் நின்றால், குட்டி எடுக்கும் ஆசையை விட்டுவிடுவதே மற்றச் செடிகளுக்குச் செய்யும் நன்மை.

வெட்டுவதற்கு முன்பே சாடியும் நிரப்பும் பொருளும் தயாராக இருக்க வேண்டும். வேர் வெளியே காத்துக் கிடக்கக் கூடாது. எனக்குப் பிடித்த கலவை சிரட்டைக்கரியும் பொச்சுத் துண்டும், ஏறத்தாழச் சரிபாதி, அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகள். கரிக்கு ஒரு எச்சரிக்கை: சுப்பர்மார்க்கெட்டில் இறைச்சி வாட்டுவதற்கு விற்கும் கட்டிக் கரிகளில் சிலவற்றில் தீப்பற்ற மருந்து கலந்திருக்கும். அது வேண்டாம். ஸ்திரிக்கைப் பெட்டிக்குப் போடுவார்களே, அந்த வெறும் சிரட்டைக்கரிதான் வேண்டும். ஒரு சாண் பெட்டியில் கரி போட்டு விசிறிய காலம் போய்விட்டாலும் புறக்கோட்டைப் பக்கம் தேடினால் இன்னும் கிடைக்கும். தூளைச் சலித்துக் கழித்துவிட்டு, கழுவி, விரல் நுனி அளவுத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பொச்சு கொழும்பில் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் இல்லை, தேங்காய்க் கடையில் கேட்டால் தள்ளிவிடச் சந்தோஷப்படுவார்கள். ஒரு சென்ரிமீற்றர், ஒன்றரைச் சென்ரிமீற்றர் கட்டைகளாக வெட்டி வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். முதல் தண்ணீர் சாயத் தேநீர் நிறத்தில் வரும். அதில் கறையும் உப்பும் இருக்கின்றன. தேங்காய் மட்டையில் சோடியமும் பொற்றாசியமும் இயல்பாகவே கூட. நிறம் நன்றாக வெளிறும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் முழுக்கக் கரியிலேயே வைக்கலாம், கொஞ்சம் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டி வரும், அவ்வளவுதான். ஊறப்போடுவதில் இன்னொரு லாபம், மட்டைக்குள் ஒளிந்திருக்கும் குட்டி நத்தைகளும் எறும்புகளும் வெளியே வந்துவிடும். இளம் வேர்நுனி என்றால் நத்தைக்கு உயிர்.

அப்புறம் வெட்டு. தண்டுகளை மூன்று விதமாகப் பிரித்தேன்.

வேர் நன்றாக வந்த குட்டிகள் முதலாவது. இரண்டு மூன்று வேராவது இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஐந்து சென்ரிமீற்றர் தாண்டியிருந்தால் தைரியமாகப் பிரிக்கலாம். பலர் குட்டியைத் திருகிப் பிய்ப்பார்கள். வரும், ஆனால் அடி கிழியும். நான் குட்டி ஒட்டியிருக்கும் கணுவுக்கு மேலேயும் கீழேயும் தாய்த்தண்டில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டினேன். அந்தத் துண்டு குட்டியோடு இருக்கட்டும். சில வாரத்துக்குச் சாப்பாடும் போடும், சாடியில் நிறுத்தி வைக்கக் கைப்பிடியாகவும் உதவும். வெட்டுமுகத்தில் கறுவாத்தூள் தொட்டு வைத்தேன். இந்த நாட்டில் கறுவாவுக்குப் பஞ்சமில்லை, பங்கசை ஓரளவு தடுக்கும். ஆனால் தூள் வேரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேரை அது காய்ச்சிவிடும். காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியால் தொட்டு வைத்தால் சிந்தாது.

காற்றில் வளர்ந்த வேர் விறைப்பாக, நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு இருக்கும். அப்படியே சாடிக்குள் அழுத்தினால் முறிந்துவிடும். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைத்தேன். வெள்ளியாக இருந்த வேர் பச்சையாக மாறி, வளைக்கக்கூடிய பதத்துக்கு வந்தது. பிறகு குட்டியைச் சாடிக்குள் சுழற்றிக்கொண்டே இறக்கினால் வேர்கள் தாமாகவே சுவரோடு வளைந்து உட்காரும். இடைவெளிகளில் கரித்துண்டுகளை ஒவ்வொன்றாக விட்டு, சாடியைத் தட்டித் தட்டி இறக்கினேன். அடிப்பாகம், அதாவது வேரும் இலையும் சந்திக்கும் இடம், நிரப்பிய பொருளுக்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் அழுகும். மூன்று அங்குல மண்சட்டி போதும். பெரிய சட்டியில் நட்டால் நடுப்பகுதி காயாது.

இரண்டாவது, வேர் அரும்பு மட்டும் விட்ட குட்டிகள். தாயின் அடி நன்றாக இருந்தால் இவற்றைத் தொடாமல் விட்டிருப்பேன். அடி அழுகிக்கொண்டிருந்தபடியால் முழுத் தண்டையும் குட்டியோடு சேர்த்து அடியிலிருந்து பிரித்தேன். கழுவிய ஆற்று மணலை ஒரு ஆழமில்லாத தட்டில் பரப்பி, ஈரமாக்கி, தண்டைக் கிடையாகப் படுக்க வைத்தேன், குட்டி மேலே பார்த்தபடி. குட்டியின் அடி மணலைத் தொடுவது போல இருக்கட்டும், மூட வேண்டாம். வேர் தானாக ஈரத்தைத் தேடி இறங்கும். மணலுக்குப் பதில் ஓர்க்கிட் நடப் பாவிக்கும் ஸ்பாக்னம் பாசி இருந்தால் அதுவும் நல்லது. இங்கே நல்ல பாசி விலை அதிகம், அழுகிய பாசி மலிவு.

மூன்றாவது, குட்டி எதுவும் இல்லாத "காய்ந்த தடி". அதே தட்டில் பக்கத்தில் படுக்க வைத்தேன். ஏற்கெனவே பூத்துத் தழும்பு விட்ட கணுவில் பெரும்பாலும் ஒன்றும் வராது. பூக்காத கணு உள்ள தண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு மூன்று கணு வீதம் துண்டாக வெட்டுபவர்களும் உண்டு. வெட்டும் இடம் கூடக் கூட அழுகலுக்கு வாசலும் கூடும் என்பதால் நான் முழுதாகவே விட்டேன். சதை சுருங்கினாலும் தொட்டால் இறுக்கமாக இருக்கும் வரை உயிர் இருக்கிறது. பழுப்பாகிக் குழைந்தால் உடனே எடுத்து எறியுங்கள்.

மிச்சம் இருந்த தாய் அடியை, இளம் தண்டுகள் இரண்டோடு, வெறும் கரி நிரப்பிய சட்டியில் கட்டி வைத்தேன். அதைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குட்டிகள் கையில் வந்த பிறகு தாய் தப்பினால் இலாபம். பழைய தும்புச்சோற்றை வேறு சாடிகளில் கலக்காமல் கட்டிக் குப்பையில் போட்டேன்.

இனித் தண்ணீர். கொழும்பில் காற்று எப்போதும் ஈரம், அதனால் வேர் இல்லாத குட்டி வாடிச் சாவதை விட ஊறிச் சாவதுதான் கூட. காலையில் தெளித்தால் மத்தியானத்துக்குள் இலைக்கக்கங்கள் காய்ந்துவிட வேண்டும். மாலையில் தெளிப்பதில்லை. வெள்ளவத்தையில் கடற்பக்கம் பார்த்த பல்கனி என்றால் இன்னொரு தலையிடி, மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் உப்புக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். குட்டிகளை உள்சுவரோடு ஒதுக்கி, நிழல் வலை கட்டி, இலையில் படியும் உப்பை இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறேன். முடிந்தால் மழைத்தண்ணீர். வரட்சி கடுமையாகும்போது களனி ஆற்றில் கடல்நீர் உள்ளே ஏறுகிறது, கொழும்புக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் அந்த ஆற்று நீர்தான். நமக்கு நாக்கில் தெரியாத உப்பு இளம் வேர்நுனிக்குத் தெரியும்.

சாடிக்கு அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள். வேருக்காக மட்டும் சொல்லவில்லை. தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தயார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அடுக்குமாடிக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான், புழு கண்டால் வழக்கு. கம்பியில் தொங்கவிட்டால் தண்ணீர் நிற்காது, காற்றும் அடியால் போகும். காகத்துக்காக மேலே ஒரு வலைத்துண்டும் கட்டியிருக்கிறேன். கூடு கட்டும் காலத்தில் பொச்சுத் தும்பை அது இழுக்கும் இழுப்பில் குட்டியும் சேர்ந்து வந்துவிடும்.

உரத்துக்கு அவசரம் இல்லை. வேர்நுனி பச்சையாக, ஈரம் பூசியது போலப் பளபளத்தால் வேர் வளர்கிறது என்று அர்த்தம், அதுவரை வெறும் தண்ணீர். பிறகு இங்கே எல்லோரும் பாவிக்கும் அல்பேர்ட் உரத்தூளை, பொதியில் சொல்லும் அளவில் கால்வாசி கரைத்து வாரம் ஒருமுறை தெளிக்கிறேன். இடையில் ஒருமுறை வெறும் தண்ணீரை ஓடவிட்டு உரத்தின் உப்பைக் கழுவிவிட வேண்டும். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த மாதங்களில் பலரும் மீன் கழுவிய தண்ணீருக்கும் சாணிக் கரைசலுக்கும் மாறினார்கள். தோட்டத்தில் சரி. பல்கனியில் அதைச் செய்தால் கீழ்வீட்டோடு உறவு முறிந்துவிடும்.

முதல் வகைக் குட்டிகள் எல்லாம் பிடித்துவிட்டன. அவற்றில் பெரியதற்கு அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்பி, தன்னைப் பெற்ற குட்டியைவிடத் தடிப்பாக வளர்கிறது. தளிருக்குத் தளிர் தண்டு பெருத்துக்கொண்டு போனால் செடி சரியான வழியில் போகிறது. பூவுக்கு ஒன்றிரண்டு வருடம் வைத்துக்கொள்ள வேண்டும். மணல் தட்டில் படுத்தவற்றில் ஒரு குட்டி வேர் இறக்கிவிட்டது, இன்னொன்று இலை மஞ்சளாகி நிற்கிறது, அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. காய்ந்த தடி ஒன்றின் நடுக்கணுவில் நெல்லுமணி அளவில் பச்சையாக ஒரு முண்டு. மற்றத் தடி பேசாமல் கிடக்கிறது, ஆனால் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, அதனால் விட்டிருக்கிறேன். தாய் அடியில் ஒரு மாற்றமும் இல்லை.

இந்த முறையைக் கேட்ட ஒருவர் வெசாக் ஓர்க்கிட்டிலும் செய்யலாமா என்றார். அதுவும் டென்ட்ரோபியம்தான், இலங்கையில் மட்டும் ஈரவலயக் காடுகளில் வளர்வது, வெசாக் காலத்தை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். ஆனால் காட்டிலிருந்து எடுத்து எடுத்தே அருகிப் போனது, சட்டப் பாதுகாப்பில் உள்ளது. தெருவோரத்தில் பட்டையோடு ஒட்டியபடி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பார்க்க ஆசை என்றால் பேராதனைப் பூங்காவின் ஓர்க்கிட் மனைக்கு ஒரு நடை போய் வரலாம். கலப்பின டென்ட்ரோபியம் வேண்டுமென்றால் பத்தரமுல்லை தியத்த உயன செடிக்கடைகளில் இழைய வளர்ப்பில் வந்த நாற்று இருக்கும்.

பிடித்த குட்டிகள் அத்தனையும் ஒரே ஊதாப் பூதான் பூக்கும். அவ்வளவையும் தொங்கவிட என் பல்கனியில் கம்பி இல்லை. தெஹிவளையில் ஒருவரிடம் வெள்ளைப் பூ டென்ட்ரோபியத்தில் குட்டி வந்திருக்கிறதாம், வேர் இன்னும் கட்டையாம். ஐந்து சென்ரிமீற்றர் வந்ததும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதுவரைக்கும் தண்டை வெட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.